கச்சேரியும் கண்ணாடிக் கண்ணும்

சங்கீதக் கச்சேரிக்குச் செல்கிறவர்கள் எல்லாரும் சங்கீதம் கேட்பதற்காகச் செல்கிறார்கள் என்று எண்ணுவது பெரும் பிழை. சிற்றுண்டிச் சாலையின் அடையை உத்தேசித்துப் போகிறவர்கள் உண்டு. புதுப் புடவைக்கு ஒரு சபை வேண்டுமே என்று போகிறவர்கள் உண்டு. பக்கத்து நாற்காலிக்காரருக்கு ராகத்தின் பெயரைச் சொல்லிக் கொடுப்பதற்கென்றே போகிறவர்களும் உண்டு. அவர்கள் சொல்லும் பெயர் சரியானதா என்பது வேறு விஷயம். சமீப காலத்தில் இவர்களோடு இன்னொரு கூட்டமும் சேர்ந்திருக்கிறது. கழுத்தில் காமிராவை மாட்டிக்கொண்டு, முதல் வரிசைக்கும் மேடைக்கும் நடுவிலுள்ள இடத்தில் குனிந்தும் நெளிந்தும் உட்கார்ந்திருக்கும் கூட்டம் அது. அடியேனும் அதில் ஒருவன் என்பதை முன்னதாகவே ஒப்புக்கொண்டு விடுகிறேன்.

எங்கள் கூட்டத்தைக் கண்டால் வித்வான்களுக்குப் பிடிப்பதில்லை. அதற்குக் காரணமும் இருக்கிறது. கண்ணை மூடிக்கொண்டு ஒருவர் தோடியில் மெல்ல மெல்ல மேலே ஏறிக்கொண்டிருக்கிறார். இன்னும் ஒரு பிடி பிடித்தால் மேல் ஷட்ஜத்தை எட்டிவிடுவார். அந்தச் சமயம் பார்த்து முகத்துக்கு நேரே மின்னல் அடித்தாற்போல் 'பளிச்' என்று ஒரு வெளிச்சம் பாய்கிறது. வித்வான் கண்ணைத் திறக்கிறார். தோடி எங்கேயோ போய்விடுகிறது. ஆகையினால்தான் பல சபாக்களில், "படம் எடுக்கலாம், பிளாஷ் கூடாது" என்று கண்டிப்பாகச் சொல்லிவிடுகிறார்கள். அது நியாயமான உத்தரவு என்பதில் ஐயமில்லை. ஆனால் பிளாஷ் வேண்டாம் என்றால் வெளிச்சத்துக்கு எங்கே போவது? மேடையில் இருக்கும் விளக்கே கதி. அந்தச் சொற்ப வெளிச்சத்தைச் சேகரித்துக் கொடுக்க வேண்டிய பொறுப்பு முழுவதும் காமிராவின் முகப்பிலுள்ள லென்ஸின் தலையில் வந்து விழுகிறது.

இந்த லென்ஸ் சமாசாரத்தில்தான் சென்ற ஆயுத பூஜைக்கு மறு நாள் எங்கள் குடும்பத்தில் ஒரு விவாதம் மூண்டது.

என் தங்கை திருவள்ளூரில், வீரராகவப் பெருமாள் கோயில் குளத்துக்கு அருகில் குடியிருக்கிறாள். அவளுடைய புதல்வன் கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில், இரும்பு உருக்கும் ஆலை ஒன்றில் என்ஜினீயராயிருக்கிறான். பெரியபாளையம் வழியாகக் கம்பெனி பஸ்ஸில் தினந்தோறும் போய் வருகிறான். அந்தப் பக்கத்து ஆலைகளில் ஆயுத பூஜை என்றால் ஊரே கூடிச் செய்யும் உற்சவம் மாதிரி. யந்திரங்களுக்கெல்லாம் சந்தனம், குங்குமம், வாழைக் கன்று, பொரி, பூசணிக்காய்; இருட்டியதும் இன்னிசைக் கச்சேரி. பையன் தன் காமிராவை எடுத்துக்கொண்டு போய் இருநூறு படம் எடுத்து வந்தான். மறு நாள் நான் திருவள்ளூர் சென்றிருந்தபோது அவற்றை என்னிடம் காட்டினான். பாடகர் இருந்த இடத்தில் ஒரு நீல மேகம் இருந்தது. கிட்டார் வாசித்தவருக்கு ஆறு கைகள் இருந்தன. சில படங்களில் குறுக்கே கறுப்புப் பட்டைகள் வேறு.

"இந்த லென்ஸ் உதவாது, மாமா. போனஸ் வந்திருக்கிறது. நல்ல லென்ஸாக ஒன்று வாங்கப் போகிறேன். ஜூம் வாங்கட்டுமா, பிரைம் வாங்கட்டுமா?" என்று கேட்டான்.

உள்ளேயிருந்து என் தங்கை, "அண்ணா, அவன் பேச்சைக் கேட்டுத் தலையை ஆட்டிவிடாதே. ஒரு லட்சம் ரூபாய் என்கிறான். மார்கழியில் இவளுடைய கச்சேரி இருக்கிறது, பக்கவாத்தியக்காரர்களுக்கு மரியாதை செய்ய வேண்டும்" என்றாள்.

'இவள்' என்பது பையனுடைய தங்கை. எட்டு வருஷமாகப் பாட்டுக் கற்றுக்கொண்டு வருகிறாள். மார்கழியில் உள்ளூர்க் கோயில் மண்டபம் ஒன்றில் முதல் தடவையாக இரண்டு மணி நேரம் பாடுவதாக ஏற்பாடாகியிருந்தது. ஆகவே லென்ஸ் விவகாரத்தில் குடும்பத்தின் பணமும் சம்பந்தப்பட்டிருந்தது. திரும்பி வராத ஒரு சாயங்காலமும் சம்பந்தப்பட்டிருந்தது.

விஷயம் தெரியாத நேயர்களுக்காகச் சற்று விளக்குகிறேன். லென்ஸில் இரண்டு ஜாதி. பிரைம் லென்ஸ் என்பது குவியதூரம் மாறாதது. ஐம்பது மில்லிமீட்டர் என்றால் ஐம்பதுதான். பக்கத்தில் காட்டு என்றால் காட்டாது. நாம்தான் எழுந்து பக்கத்தில் போக வேண்டும். ஜூம் லென்ஸ் அப்படியன்று. அதன் கழுத்தைத் திருகினால் தூரத்திலிருப்பது கிட்ட வரும். மறுபடி திருகினால் விலகிப் போகும். இவ்வளவு சொன்னதும், "பின் ஏன் சந்தேகம்? ஜூமே உசிதம்" என்று தோன்றும். எனக்கும் ஒரு காலத்தில் அப்படித்தான் தோன்றிற்று.

ஆனால் லென்ஸுக்குள்ளே ஒரு துவாரம் இருக்கிறது. வெளிச்சம் அதன் வழியாகத்தான் உள்ளே வர வேண்டும். குவியதூரத்தைத் துவாரத்தின் குறுக்களவால் வகுத்தால் கிடைப்பதை எஃப் எண் என்கிறார்கள். எண் சிறுக்கச் சிறுக்கத் துவாரம் பெருக்கும். இந்தத் தலைகீழ்க் கணக்கு ஆரம்பத்தில் எல்லாரையும் குழப்பும். எஃப் 1.8 உள்ள ஐம்பது மில்லிமீட்டர் பிரைமை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் துவாரம் சுமார் 28 மில்லிமீட்டர். கிட்டத்தட்ட நம் பத்து ரூபாய் நாணயத்தின் அகலம். காமிராவோடு சேர்த்துக் கொடுக்கிறார்களே, 18 முதல் 55 மில்லிமீட்டர் வரை நீளும் ஜூம், அதை அந்த அளவுக்கு இழுத்தால் எஃப் எண் 5.6 ஆகிவிடும். அப்போது துவாரம் ஒன்பது, பத்து மில்லிமீட்டர்தான். ஒரு சட்டைப் பித்தான் அளவு. நாணயத்தையும் பித்தானையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வேறு கணக்கே வேண்டுவதில்லை. பிரைமுக்குள் நுழையும் வெளிச்சம் ஜூமுக்குள் நுழைவதைப் போல் ஒன்பது பத்து மடங்கு.

இதன் பலன் என்னவென்றால், மேடை விளக்கின் கீழ் மேற்படி ஜூம் ஒரு செகண்டில் முப்பதில் ஒரு பங்கு நேரம் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டிருக்க வேண்டிய இடத்தில், பிரைமுக்கு முந்நூறில் ஒரு பங்கு போதும். முப்பதில் ஒரு பங்கு என்பது கேட்பதற்குச் சிறிதாயிருக்கிறது. ஆனால் அந்த நேரத்துக்குள் வயலின் வில் ஒரு விரற்கடை ஓடிவிடும். மிருதங்க வித்வானின் விரல்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். "லென்ஸில் ஆட்டத் தடுப்பு இருக்கிறதே!" என்று கடைக்காரர்கள் சொல்வார்கள். அது நம் கை நடுங்குவதைத் தடுக்கும். மிருதங்கக்காரரின் கை நடப்பதைத் தடுக்காது. தடுக்கவும் கூடாது.

மங்கிய வெளிச்சத்தோடு மனிதன் நடத்திய இந்தப் போராட்டம் பழமையானது. போட்டோக் கலை பிறந்த புதிதில், ஒரு முகத்தைப் பிடிப்பதற்கு ஆளைப் பல நிமிஷம் அசையாமல் உட்கார வைக்க வேண்டியிருந்தது. 1840-ஆம் வருஷத்தில், வியன்னாவில் கணிதப் பேராசிரியராயிருந்த ஜோசப் பெட்ஸ்வால் என்பவர் எஃப் 3.6 அளவுள்ள லென்ஸ் ஒன்றைக் கணக்குப் போட்டே கண்டுபிடித்தார். வாய்க்லாண்டர் என்னும் கம்பெனியார் அதைச் செய்து விற்றார்கள். அதற்குப் பிறகு மனிதர்கள் படத்துக்கு உட்காரும்போது மூச்சு விட முடிந்தது. 1924-இல் ஜெர்மனியில் எர்மனாக்ஸ் என்ற சிறிய காமிரா வந்தது. லுட்விக் பெர்ட்டலே என்னும் இளைஞர் அமைத்த எஃப் 2 லென்ஸ் அதில் பொருத்தப்பட்டிருந்தது. எரிக் சாலமன் என்ற பெர்லின் வழக்கறிஞர் அதைத் தொப்பிக்குள் மறைத்துக்கொண்டு நீதி ஸ்தலத்துக்குள்ளேயே போனார்; ராஜதந்திரிகளின் மகாநாடுகளுக்கும் போனார்; பிளாஷ் இல்லாமல், விளக்கு வெளிச்சத்திலேயே, யாருக்கும் தெரியாமல் படம் எடுத்தார். யூதராய்ப் பிறந்த குற்றத்துக்காக அந்த மகா கலைஞரை நாஜிகள் ஆஷ்விட்ஸ் முகாமில் 1944-இல் கொன்றார்கள். சபாக்களில் நாங்கள் இன்று செய்து வரும் காரியத்துக்கு அவரே ஆதி குரு. அவர் கையிலிருந்தது பிரைம் லென்ஸ்தான். அக்காலத்தில் வேறு லென்ஸும் கிடையாது. சாதாரணக் காமிராவுக்கு ஏற்ற முதல் ஜூம் லென்ஸ், பிராங்க் பேக் என்பவர் வகுத்த 'ஜூமார்', 1959-இல்தான் விற்பனைக்கு வந்தது. வந்ததும் அதே வாய்க்லாண்டர் பெயரில்தான்.

நம் நாட்டிலும் இவ்விஷயத்தில் ஒரு முயற்சி நடக்காமல் இல்லை. 1960-இல் உதகமண்டலத்தில் ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் என்னும் சர்க்கார் தொழிற்சாலை ஏற்பட்டது. 'இந்து' என்ற பெயரில் சுதேசி பிலிம் வெளி வந்தது. நான் முதன் முதலாக எடுத்த படங்கள் அந்தப் பிலிமில் எடுத்தவைதான். பிலிமின் காலம் முடிந்தது, தொழிற்சாலையும் மூடப்பட்டது. இன்று கடையில் எந்த லென்ஸைக் கையில் எடுத்தாலும் அடியில் ஜப்பான், சீனா, தாய்லாந்து என்றுதான் பெரும்பாலும் எழுதியிருக்கிறது. கும்மிடிப்பூண்டியில் இரும்பை உருக்குகிற நமக்கு, நல்ல லென்ஸுக்கேற்ற கண்ணாடியை உருக்கிக் கடைந்து கடைக்கு அனுப்பும் காலம் எப்போது வருமோ என்று நான் பெருமூச்சு விட்டேன். "முதலில் இப்போது கிடைப்பதில் ஒன்றைச் சொல்லுங்கள், மாமா" என்றான் பையன்.

ஜூமுக்குப் பரிந்து பேசுகிறவர்கள் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. காமிராவோடு வரும் மலிவு ஜூமை விட்டு விடுவோம். தொழில்முறைப் படக்காரர்கள் வைத்திருப்பது எழுபது முதல் இருநூறு மில்லிமீட்டர் வரை எங்கே திருகினாலும் எஃப் 2.8 மாறாத ஜூம். 2.8 என்றால் 5.6-ஐப் போல் நாலு மடங்கு வெளிச்சம்; பிரைமுக்கு அது தோற்பது இரண்டரை மடங்குக்கும் உட்பட்டுத்தான். அதோடு இக்காலக் காமிராக்கள் இருட்டில் பார்ப்பதில் பூனையையும் வென்று விட்டன. ஐ.எஸ்.ஓ. 6400 வைத்து எடுத்த படத்தைக்கூடத் தைரியமாகச் சுவரில் மாட்டலாம். ஆகவே பிரைமுக்கும் ஜூமுக்கும் இருந்த பழைய இடைவெளி குறைந்திருக்கிறது. சிக்மா கம்பெனியார் 2013-இல் எஃப் 1.8 மாறாத 18-35 ஜூம் ஒன்றையும் செய்து காட்டினார்கள். ஆனால் அது எட்டுகிற தூரம் சிறியது.

தூரமும் வேண்டும், வெளிச்சமும் வேண்டும் என்றால் என்ன ஆகும்? இருநூறு மில்லிமீட்டரில் எஃப் 2.8 வேண்டுமானால் துவாரம் ஏழு சென்டிமீட்டர் இருந்தாக வேண்டும். 1.8 வேண்டுமானால் பதினொரு சென்டிமீட்டர். அது லென்ஸாக இராது, பாயசக் கிண்ணமாக இருக்கும். நிக்கான் கம்பெனியாரின் பழைய 70-200 ஜூம் ஒன்றில் 21 கண்ணாடிகள் இருந்தன. எடை 1,540 கிராம். அதே கம்பெனியாரின் ஐம்பது மில்லிமீட்டர் எஃப் 1.8 பிரைமில் ஏழு கண்ணாடிகள். எடை 185 கிராம். விலையிலும் அதே வித்தியாசந்தான். ஒன்று ஒரு லட்சத்தைத் தாண்டும். மற்றொன்று பத்தாயிரத்திலிருந்து இருபதினாயிரத்துக்குள் அடங்கும்.

இவையெல்லாம் எந்தப் புஸ்தகத்திலும் இருக்கும். நம் சங்கீதத்தைப் பொறுத்த ஒரு விஷயம் மட்டும் மேனாட்டுப் புஸ்தகங்களில் இருப்பதில்லை. மேனாட்டுக் கச்சேரிப் படம் எடுப்பதைப் பற்றி எழுதுகிறவர்கள் மனத்தில், மேடையின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குக் குதித்தோடும் பாடகன் இருக்கிறான். அவனைத் துரத்திப் பிடிப்பதற்கு ஜூம் அவசியம் என்கிறார்கள். நம் வித்வான் என்ன செய்கிறார்? ஜமக்காளத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்தால் இரண்டரை மணி நேரம் அவ்விடத்தை விட்டு நகர்வதில்லை. வயலின்காரர் ஒரு பக்கம், மிருதங்கக்காரர் மறு பக்கம், தம்பூரா பின்னால். முதல் வர்ணத்திலிருந்து மங்களம் வரையில் தூரம் ஓர் அங்குலமும் மாறாது. தூரத்தை மாற்றிக் காட்டுவதற்காக ஒரு லட்சம் ரூபாய் கொடுத்து ஜூம் வாங்குவானேன்? ஒரே தூரத்துக்கு ஒரே லென்ஸ் போதாதா?

"ஜூம் வேண்டாம், காலால் நட" என்று பிரைம் கட்சியார் அடிக்கடி உபதேசம் செய்வார்கள். கோயில் மண்டபத்தில் அது நடவாத காரியம். ஒருவர் பாடிக்கொண்டிருக்கும்போது எழுந்து நடமாடுகிறவன் பிளாஷ் அடிக்கிறவனைவிட ஒரு படிதான் மேல். நடையெல்லாம் கச்சேரிக்கு முன்பே முடிந்துவிட வேண்டும். ஒலிபெருக்கிக்காரர் "ஹலோ, ஹலோ" என்று சொல்லிக்கொண்டிருக்கும் வேளையில் போய், மேடை எங்கே, மைக் எங்கே, தூண் எங்கே என்று பார்த்து இடம் பிடித்து உட்கார வேண்டும். சாதாரணக் காமிராவில் ஐம்பது மில்லிமீட்டர் பிரைமைப் பொருத்தி மூன்று மீட்டர் தூரத்தில் உட்கார்ந்தால், கண்ணில் விழும் அகலம் சுமார் ஒன்றரை மீட்டர். பாடுகிறவரும், தாளம் போடும் கையும், பின்னால் தம்பூராவின் தலையும் அதில் அடங்கும். நேர் எதிரே மட்டும் உட்காரக் கூடாது. எவ்வளவு உயர்ந்த லென்ஸாயிருந்தாலும் வித்வானின் வாய்க்கு எதிரே நிற்கும் மைக்கை ஊடுருவிப் பார்க்காது. பக்கவாட்டில் சாய்ந்து உட்கார்ந்தால் மைக் விலகிவிடும். பின்னால் தொங்கும் நகைக்கடை விளம்பரத்தின் பாதியும் விலகிவிடும். மற்றப் பாதிக்கும், வித்வானின் வெந்நீர்ப் பிளாஸ்குக்கும் இதுவரை பரிகாரம் கண்டுபிடிக்கப்படவில்லை.

பிரைமுக்கும் ஒரு குறை உண்டு. துவாரம் பெரிதானால் கூர்மை விழும் ஆழம் குறைந்துவிடும். மேலே சொன்ன மூன்று மீட்டரில், எஃப் 1.8-இல், தெளிவாக விழுவது ஒரு சாணுக்குச் சற்று அதிகந்தான். எண்பத்தைந்து மில்லிமீட்டர் பிரைமாயிருந்தால் ஐந்து விரற்கடைகூடத் தேறுவது கடினம். கண்ணில் குறி வைத்தால் கண் தெளியும். நீட்டிய கை மங்கும். குறி சற்றுத் தவறி மைக்கில் விழுந்தால், உலகத்திலேயே தெளிவான மைக் படம் கிடைக்கும். வித்வானும் வயலின்காரரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரிக்கிறார்களே, அந்த அருமையான கணத்தில் இருவரும் தெளிய வேண்டுமானால் துவாரத்தை 2.8-க்கோ 4-க்கோ குறுக்கியே ஆக வேண்டும். அப்போது பிரைமுக்குள்ள பெருமையில் பாதி போய்விடுகிறது. இதை மறைத்துப் பேசுவது நேர்மையாகாது.

இவ்வளவும் எனக்கு எப்படித் தெரிந்தது என்று பையன் கேட்டான். நான் சொல்லத் தயங்கிய கதை அது.

சில வருஷங்களுக்கு முன், ஒரு கோயிலில் நடந்த கச்சேரிக்கு, அப்போது புதிதாக வாங்கியிருந்த மலிவு ஜூமோடு போயிருந்தேன். மிருதங்கம் வாசித்தவர் எழுபது வயதைத் தாண்டிய பெரியவர். பத்திரிகைகளில் பெயர் வராதவர். ரேடியோவில் பெரிய இடம் கிடைக்காதவர். ஆனால் அந்த வட்டாரத்தில் அவருடைய கையை அறியாதவர்கள் இல்லை. அன்று தனி ஆவர்த்தனம் இருபது நிமிஷம். நான் ஆவேசம் வந்தவன்போல் படம் எடுத்தேன். எண்ணிப் பார்த்தபோது நூற்று நாற்பது இருந்தன. ஆறு மாதம் கழித்து அவருடைய குமாரர் என்னைத் தேடி வந்தார். பெரியவர் காலமாகிவிட்டார். "அப்பா மிருதங்கத்தோடு இருக்கும் படம் எங்கள் வீட்டில் ஒன்றுகூட இல்லை. நீங்கள் அன்று நிறைய எடுத்தீர்களாமே?" என்றார்.

நூற்று நாற்பதையும் அவர் முன்னிலையில் ஒவ்வொன்றாகத் திறந்தேன். முகம் இருந்த இடங்களில் கை இல்லை, புகைதான் இருந்தது. கை இருந்த இடங்களில் முகம் ஆடிப் போயிருந்தது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. "அடுத்தது பார்க்கலாம்" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். நூற்றுப் பதினேழாவது படமோ என்னவோ, அதில் பெரியவர் வாசிக்கவில்லை. இரண்டு உள்ளங்கைகளையும் மிருதங்கத்தின் இரு முகங்களிலும் வைத்துக்கொண்டு, தலையைச் சாய்த்து, வயலினைக் கேட்டுக்கொண்டிருந்தார். அந்த ஒன்று மட்டும் தெளிவாயிருந்தது. அதற்குக் காரணம் என் சாமர்த்தியமன்று, லென்ஸுமன்று. அவர் அசையாமல் இருந்ததுதான். அவர்கள் வீட்டுக் கூடத்தில் மாலை போட்டிருக்கும் படம் அதுதான்.

அடுத்த மாதமே நான் பிரைம் வாங்கினேன். இன்னொன்றும் கற்றுக்கொண்டேன். வாசிப்பின் நடுவில் வித்வான்கள் நிற்கும் கணங்கள் இருக்கின்றன. தீர்மானம் முடிந்து சமத்தில் வந்து விழுந்த மறு கணம். பாடகர் நிரவலில் ஒரு சுற்று முடித்து வயலினுக்கு விட்டுக்கொடுக்கும் கணம். ஆலாபனையில் ஒரு சுவரத்தில் நின்று விடும் கணம். தாளம் தெரிந்தவனுக்கு அவை வருவது முன்கூட்டியே தெரியும். அத்தகைய கணத்துக்குக் காத்திருக்கிறவன் அறுபதில் ஒரு பங்கு செகண்டிலும் நல்ல படம் எடுப்பான். காத்திராதவனுக்கு ஆயிரத்தில் ஒரு பங்கும் போதாது.

"அப்படியானால் ஆயுத பூஜைக் கச்சேரிக்கு?" என்று பையன் விடவில்லை.

அது வேறு கதை. அங்கே பாடகர் நிற்பதில்லை, மேடையும் உயரம், பக்கத்தில் நெருங்க முடியாது, ஒரு நிமிஷம் முகம் மட்டும் வேண்டும், மறு நிமிஷம் மேடை முழுவதும் வேண்டும். பரதநாட்டிய அரங்கேற்றமும் அப்படித்தான். சபைக்கோ மேடைக்கோ ஓடியாடும் கலை எதுவானாலும் எஃப் 2.8 ஜூமுக்கு ஈடு கிடையாது. பிரைமை வைத்துக்கொண்டு அங்கே போனால் வரிசையாகத் தலை வெட்டுண்ட நர்த்தகிகள்தான் கிடைப்பார்கள். அவன் படங்களில் விழுந்திருந்த கறுப்புப் பட்டைகளுக்கோ லென்ஸ் பொறுப்பாளியே அல்ல. நம் மின்சாரம் செகண்டுக்கு நூறு தடவை திசை மாறுவதால், மலிவான மேடை விளக்குகள் செகண்டுக்கு நூறு தடவை மங்கிப் பிரகாசிக்கின்றன. காமிராவைச் சத்தமில்லாத ஷட்டரில் வைத்து மிக வேகமாக எடுத்தால் மங்கிய நேரம் பட்டையாக விழும். ஐம்பதில் ஒரு பங்கு, நூறில் ஒரு பங்கு என்று வைத்தால் பெரும்பாலும் மறைந்து போகும். நீல மேகத்துக்குக் காரணம் ஒரே வர்ண விளக்கைப் பாடகர் முகத்தில் பாய்ச்சியவர். அவரை எந்த லென்ஸும் திருத்தாது.

"வருஷத்துக்கு ஒரு ஆயுத பூஜை. அதற்கு ஜூமை ஒரு நாள் வாடகைக்கு எடுத்துக்கொள். சென்னையில் இப்போது பாத்திரக் கடைபோல லென்ஸுக்கும் வாடகைக் கடைகள் இருக்கின்றன. உன் தங்கை பாடப் போவதோ வருஷம் முழுவதும், ஆயுள் முழுவதும். அதற்கு ஐம்பது மில்லிமீட்டரைச் சொந்தமாக வாங்கு" என்றேன். உள்ளே காபி கலக்கும் சத்தம் சற்று உற்சாகமாகக் கேட்டது.

மார்கழிக் கச்சேரியில் நான் பாட்டுக் கேட்கிறவனாகவே உட்கார்ந்திருந்தேன். பையன் மண்டபத்துத் தூணோரமாகச் சாய்ந்து உட்கார்ந்து, காமிராவின் சத்தத்தை அணைத்து, குறி பார்ப்பதற்கு எரியும் சிறு விளக்கையும் மறவாமல் அணைத்து வைத்திருந்தான். பெண் முதல் வர்ணத்தில் சற்று நடுங்கினாள். பிறகு கல்யாணியில் நிலைத்துவிட்டாள். ஒரு மணி நேரத்தில் அவன் நாற்பது படம் எடுத்தான். தனி ஆவர்த்தனம் ஆரம்பித்ததும் மூன்று எடுத்தான். அப்புறம் காமிராவைப் பைக்குள் வைத்துவிட்டுத் தொடையில் தாளம் போட ஆரம்பித்தான். மறு வாரம் மூன்று பிரதிகள் பெரிதாக அச்சிட்டு, வயலின்காரர் வீட்டுக்கும், மிருதங்கக்காரர் வீட்டுக்கும், தம்பூரா மீட்டிய பெண் வீட்டுக்கும் அவனே கொண்டுபோய்க் கொடுத்து வந்தான்.

டிசம்பர் முப்பத்தொன்றாந் தேதி இரவு அவன் திருத்தணிக்குப் போனான். அன்றிரவு அங்கே நடப்பது படித் திருவிழா. வெள்ளைக்காரர் ஆட்சியில் ஆங்கில வருஷப் பிறப்பன்று உத்தியோகஸ்தர்கள் எலுமிச்சம்பழமும் மாலையுமாகத் துரைகளின் பங்களா வாசலில் போய் நிற்பது வழக்கமாயிருந்தது. அதைக் கண்டு மனம் பொறாத வள்ளிமலைத் திருப்புகழ் சுவாமிகள், துரைகளுக்கெல்லாம் துரையான தணிகைத் துரையைத் தரிசிக்க வாருங்கள் என்று அவர்களை அழைத்துப் போய், 1917-ஆம் வருஷக் கடைசி இரவில் அவ்விழாவைத் தொடங்கி வைத்தார். 365 படிகளிலும் மஞ்சள் குங்குமமிட்டுக் கற்பூரம் ஏற்றித் திருப்புகழ் பாடி ஏறுகிறார்கள். துரைகள் போய்விட்டார்கள்; படிப் பாட்டு நிற்கவில்லை.

புது வருஷத்தன்று காலையில் என் கைபேசிக்கு ஒரு படம் வந்தது. ஒரு பாட்டி படியில் குனிந்து கற்பூரம் ஏற்றிவிட்டு நிமிர்ந்து பாடுகிறாள். பின்னால் இருப்பவர்களெல்லாம் இருட்டில் மங்கலான பொன் நிறத்தில் கரைந்திருக்கிறார்கள். பாட்டியின் கண்களும் மூக்குத்தியும் மட்டும் சுடர் விடுகின்றன. படத்தின் அடியில் பையன் எழுதியிருந்தான்:

"எஃப் 1.8, அறுபதில் ஒரு பங்கு. கை ஆடவில்லை, மாமா. கற்பூரந்தான் ஆடிற்று."